நார்கள் நேரானவை எனக் கொண்டால்

மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

நேற்றும் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அவர் உங்களிடம் கொடுத்திருந்தாலும் பயனில்லை. அந்த நூற்பு மெஷின்களின் இரைச்சலில் இருபத்தாறு வருஷம் நின்ற காதுக்கு போனில் சொல்வது பாதிகூட விழாது என்று எனக்குத் தெரியும். அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் அண்ணன் போனில் கத்தியது இன்னும் என் காதில் நிற்கிறது. “உன் கம்ப்யூட்டர் உன் அண்ணி வேலையத் தின்னுடுச்சு. சந்தோஷமா?” என்றார். பதினொரு பேரை நிறுத்திவிட்டார்கள், அதில் நீங்களும் ஒருவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் “கணக்கு” என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். பஞ்சு நூலாகும் வரை அதன் நார்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்பதைக் கணினிக்குள் அப்படியே செய்து பார்க்கும் சிமுலேஷன் அது. விரல் தடிமன் பஞ்சுத் திரியைக் குறுக்கே வெட்டினால் இருபத்தைந்தாயிரம் நார்கள் இருக்கும். அதை இழுத்து இழுத்து மெல்லியதாக்கி நூலாக்கும்போது நூறு சொச்சம்தான் மிஞ்சும். அந்த நூறு எங்கே கூடி எங்கே குறைகிறது, எங்கே அறுந்துபோகும் என்று என் நிரல் முன்கூட்டியே சொல்லும்.

உங்கள் மில்லுக்காக எங்கள் ஆராய்ச்சி நிறுவனம் கொடுத்த அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: திரியை இழுத்துச் சீராக்கும் டிராயிங் மெஷின் இரண்டு வேண்டாம், ஒன்றே போதும். மின்சாரம் மிச்சமாகும், நூல் கெடாது. யாரையும் நிறுத்தச் சொல்லி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. யார் பெயரும் இல்லை. இதை அண்ணனிடம் நீங்களாவது சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சின்னவள்


மார்ச் 14

சின்னவளே,

உன் கடிதம் வந்தது. அண்ணனிடம் சொல்லச் சொன்னாய். சொல்லவில்லை. அவர் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒழுகாத குழாய். அந்த மனுஷனிடம் என்ன சொல்ல?

உனக்கு ஒன்று தெரியாது. அந்த இரண்டாவது டிராயிங் மெஷினைக் கழற்றி ஓரமாகத் தள்ளியது யார் தெரியுமா? உன் அண்ணன்தான். ஃபிட்டர் வேலை பார்ப்பவர் வேறு என்ன செய்வார்? கழற்று என்றார்கள், கழற்றினார். கழற்றும்போது மேனேஜரிடம், “டிராயிங் ரெண்டு, பாபின் சுத்தறது ஒண்ணுன்னு மூணு இருந்த எடத்துல ரெண்டு வெச்சா ஒத்துவராது சார்” என்று சொன்னாராம். “ஏன்?” என்று கேட்டதற்கு இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோபம்தான் உன்மேல் பாய்கிறது. தன்மேல் பாய்ந்து பாய்ந்து அலுத்துவிட்டது.

என் கதையைக் கேள். ஜனவரி பாதியிலிருந்து நூல் அறுந்து தள்ளியது. முன்பெல்லாம் ஒரு மெஷினில் மணிக்கு இருபது இடத்தில் அறும். ஓடிப்போய் ஒட்டிவிட்டு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரம் இருக்கும். அப்புறம் அது நாற்பது, ஐம்பது என்று போனது. எனக்கு இரண்டு மெஷின். இந்தக் கோடியில் ஒட்டினால் அந்தக் கோடியில் நான்கு அறுந்து தொங்கும். பஞ்சு பறந்து மூக்கில் ஏறும். நடந்து நடந்து கால் பலகை மாதிரி ஆகிவிட்டது. கழிவுப் பெட்டி நிரம்பி வழிந்தது.

பிப்ரவரி கடைசியில் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் உங்கள் அறிக்கை. மேனேஜர் அதைத் தட்டித் தட்டிப் பேசினார். “கம்ப்யூட்டர் கணக்குப்படி மணிக்கு இருபத்திரண்டுதான் அறுபடணும். மிச்சம் எங்கேர்ந்து வருது? உங்க கையிலேர்ந்து வருது.” கையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது? அப்புறம் வயதானவர்களாகப் பார்த்துப் பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்தார்கள்.

உன் அறிக்கையில் என் பெயர் இல்லை என்பது சரி. அங்கே மனுஷர்களே இல்லை. அதனால்தான் மிச்சம் இருந்ததையெல்லாம் எங்கள் தலையில் போட வசதியாக இருந்தது.

தொழிலாளர் அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறோம். எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது. சாப்பிடுகிறாயா? போன தடவை பார்த்தபோதே எலும்பும் தோலுமாக இருந்தாய்.

அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கணக்கு முழுவதையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவை. விடையில் மாற்றமில்லை. மணிக்கு இருபத்திரண்டு. ஆகவே தவறு வேறெங்கோ இருக்க வேண்டும். அண்ணனிடம் கேட்டு இவற்றுக்குப் பதில் எழுத முடியுமா?

நீங்கள் நூற்கும் ரிங் மெஷினில் உருளைகளின் இடைவெளியை மாற்றினார்களா? ஷெட்டில் ஈரப்பதம் எவ்வளவு வைத்திருக்கிறார்கள்? பஞ்சு பழைய இடத்திலிருந்துதான் வருகிறதா? மெஷினின் வேகத்தைக் கூட்டினார்களா?

முடிந்தால் திரி கொஞ்சமும், கடைசியாக உங்கள் மெஷினில் மாட்டும், திரி சுற்றிய பாபின் ஒன்றும் அனுப்புங்கள். எந்த முனை உங்கள் மெஷினுக்குள் முதலில் போகும் என்பதையும் குறித்து அனுப்பினால் நல்லது.

கடிதம் வறட்சியாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. ஒரு வாரமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடினாலும் கோடு கோடாக ஓடுகிறது. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 6

சின்னவளே,

உன் கேள்வித்தாளை உன் அண்ணன் முன்னால் வைத்தேன். தட்டை நகர்த்தி வைப்பது போல நகர்த்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் அதன் பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது: ‘இடைவெளி மாறவில்லை. ஈரம் எப்போதும் போல. பஞ்சு அதே. வேகம் அதே.’ உனக்கு இவ்வளவுதான் பதில். கையெழுத்துகூடப் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவத் திறந்தால் உள்ளே திரியும் ஒரு பாபினும் இருக்கின்றன. அட்டையில் பதமாகச் சுற்றி, மெஷினுக்குள் முதலில் போகும் பக்கத்துக்கு அம்புக்குறியும் போட்டிருக்கிறார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். இந்தப் பொட்டலத்தில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. உனக்கு உபயோகப்படுமோ என்னவோ. வீட்டில் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அந்த பாபினிலிருந்து ஒரு முழம் எடுத்து விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்புக்குறிப் பக்கத்திலிருந்து இழுத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி. எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தால் நல்ல பிள்ளையாக வழுக்கிக்கொண்டு வருகிறது. பத்து தடவை செய்து பார்த்தேன். பத்து தடவையும் அப்படித்தான். ஒரே பஞ்சு, ஒரே திரி. இதற்கு ஏன் இரண்டு குணம்?

நீ கண்ணை மூடினாலும் கோடு ஓடுகிறது என்கிறாய். எனக்கு மெஷின் ஓடுகிறது. வீட்டில் அவ்வளவு அமைதி. அது வேறு பயமாக இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். மற்ற மூன்றிலும் சுற்றி வளைத்திருந்தேன்.

நீங்கள் அனுப்பியதைக் கறுப்பு வெல்வெட் துணிமேல் வைத்து, இடுக்கியால் ஒவ்வொரு நாராக எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அறுநூறு நார்கள். பதின்மூன்று நாள். பாதிக்கு மேல் நேராக இல்லை. நுனியில் மடங்கிக் கொக்கி போல இருக்கின்றன. அந்தக் கொக்கிகளில் பெரும்பாலானவை ஒரே திசையைப் பார்க்கின்றன. உங்கள் விரலுக்கு ஒரு பக்கம் கொத்தாக வந்ததற்குக் காரணம் அதுதான். நான் பதின்மூன்று நாளில் எண்ணியதை நீங்கள் பத்து இழுப்பில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அண்ணன் சொன்ன மூன்றுக்கும் இரண்டுக்கும் காரணம் இதுதான். ஒரு மெஷினிலிருந்து திரி டிரம்முக்குள் சுருண்டு விழுகிறது இல்லையா? அடுத்த மெஷின் அதை எடுக்கும்போது கடைசியாக விழுந்த முனைதான் முதலில் போகும். அதனால் ஒவ்வொரு மெஷினுக்கும் திரி தலைமாறிப் போகிறது, கொக்கியும் திசை மாறுகிறது. கொக்கி பின்பக்கமாக இருந்தால் உங்கள் ரிங் மெஷினின் உருளைகள் அதை இழுத்து நேராக்கிவிடும். முன்பக்கமாக இருந்தால் மடங்கியபடியே நூலுக்குள் போய்விடும். அந்த இடம் ஒரு பக்கம் தடித்து, பக்கத்தில் மெலிந்து, அறுந்துபோகும். பஞ்சைச் சீவித் திரியாக்கும் மெஷினுக்கும் உங்கள் மெஷினுக்கும் நடுவில் டிராயிங் இரண்டு, பாபின் சுற்றுவது ஒன்று என மூன்று மெஷின்கள் இருந்தவரை கொக்கி சரியான பக்கம் இருந்தது. ஒன்றை எடுத்ததும் தப்பான பக்கம் வந்துவிட்டது. உங்கள் கையில் எந்தக் குற்றமும் இல்லை.

என் நிரலில் கொக்கியே கிடையாது. இருபத்தைந்தாயிரம் நார்களும் குச்சி குச்சியாக நேராக நிற்கும். நேரான குச்சியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதானே.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. கொக்கி இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் துறையில் முதல் வருஷம் படிப்பதே அதைத்தான். கொக்கியோடு கணக்கை ஓட்டினால் ஒரு விடைக்கு ஒன்பது நாள் ஆகும். நேராக வைத்தால் ஆறு மணி நேரம். மாதக் கடைசிக்குள் அறிக்கை வேண்டும் என்றார்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: ‘நார்கள் நேரானவை எனக் கொள்ளப்பட்டது.’ எழுதிவிட்டதால் என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

சின்னவள்


மே 2

நாற்பத்தொன்றாம் பக்கமா?

அந்த மேனேஜர் முதல் பக்கத்தையே விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று வரை யார் போனார்கள்? தெரிந்தே விட்டிருக்கிறாய். தெரியாமல் செய்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும்.

உன் அண்ணனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். மூன்று மெஷின் சமாசாரம் வரும் இடத்தை இரண்டு தடவை படித்தார். “அப்ப நான் சொன்னது சரிதான்” என்றார். அப்புறம் மிச்சத்தையும் படித்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

விசாரணை மே 26, காலை பத்தரை மணி. தொழிலாளர் அலுவலகம், இரண்டாவது மாடி. எங்களிடம் இருப்பது எங்கள் வாய் மட்டும்தான். அவர்களிடம் உங்கள் அறிக்கை இருக்கிறது. நீ எனக்கு எழுதியதை அங்கே வந்து சொல்வாயா, மாட்டாயா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அழுது எழுதாதே. உன்னைத் தேற்றுகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை.

அண்ணி


மே 13

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சாக்கு ஒன்று இருக்கிறது: கொக்கிகளோடு கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். நேற்று முடிந்தது. மூன்று மெஷின் வைத்தால் மணிக்கு இருபத்தொன்று. இரண்டு வைத்தால் நாற்பத்தேழு. நீங்கள் ஐம்பதைத் தொட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

தாளை எடுத்துக்கொண்டு எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். கெட்டவர் இல்லை. எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவரே அவர்தான். நிதானமாகப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்கு. புதுக் கட்டுரையா எழுதிடு. பழைய அறிக்கைய எதுக்குத் தொடறே?” என்றார்.

“அத வெச்சு பதினொரு பேர நிறுத்தியிருக்காங்க சார்.”

“நிறுத்தினது மில்லு. நாம இல்ல. நாற்பத்தொன்னாம் பக்கத்துலதான் எழுதியிருக்கோமே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணி. நான் உங்களுக்குச் சொன்ன அதே சமாதானம். வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது.

அந்த விசாரணைக்கு நான் போனால் அப்புறம் இந்த நிறுவனத்தில் எனக்கு இடமிருக்காது என்பதையும் அவர் மென்மையாகவே சொன்னார். என் ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறது. புதுப்பிப்பவர் அவர்தான்.

பயமாக இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. இருபத்திரண்டு வயதிலிருந்து இந்த ஒரு வேலைதான் தெரியும். காலையில் எழுந்தால் போகலாம் என்று தோன்றுகிறது. மதியத்துக்குள் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. சாயங்காலம் எதுவும் தோன்றுவதில்லை, அவ்வளவு அசதி.

புதுக் கணக்கின் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் வந்தாலும் வராவிட்டாலும் இது உங்களிடம் இருக்கட்டும்.

சின்னவள்


ஜூன் 1

சின்னவளே,

நீ நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். அன்றைக்கு நடந்ததில் பாதி என் காதில் விழவில்லை. கூட இருந்தவர்கள் சொன்னதையும் நான் கண்ணால் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நீ அங்கே இருந்தவள்தான். ஆனாலும் உன்னை நீ பார்த்திருக்க முடியாது இல்லையா?

பத்தரை ஆகியும் உன்னைக் காணோம். நாங்கள் பதினொரு பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அந்தத் தாள்களை மடியில் வைத்திருந்தேன். ‘இவள் வரமாட்டாள், வந்தால் இவள் பிழைப்பு போய்விடும், வராமலே இருக்கட்டும்’ என்று ஒரு மனசு. ‘வராமல் போய்விடுவாளா?’ என்று இன்னொரு மனசு. பதினொன்றுக்குக் கதவு திறந்தது. தலைகூடச் சரியாக வாராமல் வந்து நின்றாய்.

மில்லின் வக்கீல் உன்னை என்னவெல்லாமோ கேட்டார். நீ பஞ்சு, கொக்கி, திசை என்று விளக்கிக்கொண்டே போனாயாம். அதிகாரி கொட்டாவியை அடக்கினாராம். கடைசியில் வக்கீல், “சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்க அறிக்கை தப்பா, சரியா?” என்று அதட்டினார். இது எனக்கே கேட்டது. உன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “தப்பு” என்றாய். “யாரோட தப்பு?” “என்னோடது.”

அந்த இரண்டு வார்த்தையும் எனக்குக் காது வேண்டாமலே கேட்டது. பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. அதிகாரி பேனாவை எடுத்தது அப்போதுதான்.

நீ வெளியே வந்தபோது வராந்தாவில் உன் அண்ணன் டீ கிளாசோடு நின்றிருந்ததையும், நீ அதை வாங்கிக் குடித்ததையும் பார்த்தேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரே அச்சு. உங்கள் வீட்டில் பிறந்தவர்களுக்குப் பேச்சு என்றால் அவ்வளவு கஷ்டமா?

தீர்ப்பு வர ஒரு மாதம் ஆகுமாம். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணி,

என்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு அறை. மற்றவர்களின் எண்கள் அட்டவணையில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். செப்டம்பர் வரை இதுதான். அதற்கப்புறம் எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். துறைத் தலைவர் படிக்கட்டில் பார்த்தால் தலையசைக்கிறார்.

நிரல் என்னிடம் இல்லை. அதில் இப்போது வேறொருவர் வேலை செய்கிறார். கொக்கிகளை எடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எடுக்கமாட்டேன் என்றார்.

பரிதாபப்பட்டு எழுதாதீர்கள். நீங்கள் சொன்னது போலவே, தேற்றவும் தேற்றிக்கொள்ளவும் இரண்டு பேருக்கும் தெம்பில்லை. ஆனால் ஒன்று. இரண்டு வாரமாக ராத்திரி முழுதும் தூங்குகிறேன். களைத்துப்போய்த் தூங்குகிற தூக்கம்தான். இருந்தாலும் தூக்கம்.

ஆர்டர் வந்ததா?

சின்னவள்


ஜூலை 20

சின்னவளே,

வந்தது. ஆறாம் தேதி. பதினொரு பேர்மேலும் குற்றமில்லை, பழைய இடத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. இரண்டாவது டிராயிங் மெஷினை மறுபடி மாட்டச் சொல்லி உத்தரவில் இல்லை. ஆனால் உன் தாளைப் பார்த்த பிறகு மில்லே மாட்டச் சொல்லிவிட்டது. மாட்டியதும் உன் அண்ணன்தான். மூன்று நாள் ஆளே வீட்டுக்குச் சரியாக வரவில்லை. வந்தபோது உடம்பெல்லாம் கிரீஸ். ஆனால் வீட்டுக் குழாய்ப் பக்கம் போகவில்லை.

ஒன்பதாம் தேதி காலை ஷிப்டுக்குப் போனேன். அதே இரண்டு மெஷின். நின்று பார்த்தேன். அறுந்தது, ஒட்டினேன். திரும்பினேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது எப்போது அறும் என்று காத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் குடிக்க நேரம் இருந்தது. உட்காரக்கூட நேரம் இருந்தது. உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, ஜனவரியில் வந்த களைப்பு இல்லை இது. எத்தனையோ வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

வார லீவு போக எட்டு நாள் வேலை செய்தேன். ஒருநாள்கூட லீவு போடவில்லை, ஒருநாள்கூட லேட் இல்லை. நேற்று முன்தினம் ஷிப்டு முடிந்து முகம் கழுவிவிட்டு ஆபீசுக்குப் போனேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிய தாளை மேனேஜர் மேஜைமேல் வைத்தேன்.

படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. “இதுக்கா இவ்வளவு சண்டை போட்டீங்க?”

“இதுக்குத்தான் சார்” என்றேன்.

உனக்காவது புரியும். நான் நிறுத்தப்பட்டவள் இல்லை. நின்றவள். இதற்கு நடுவில் இருக்கிற தூரத்துக்குத்தான் ஐந்து மாசம் ஆனது. உனக்கும் அதில் ஒரு பங்கு போய்விட்டது. உன் பிழைப்பை நினைத்தால் அழுகை வருகிறது. நீ தெரிந்தே விட்டதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. எது முதலில் வரும் என்று எனக்கே தெரியாது. நீ நேரில் வந்தால் எது முதலில் வருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செப்டம்பர் வரை காத்திருக்காதே. எப்போது முடிகிறதோ அப்போது வா. பின்பக்க அறையை ஒழித்துவைத்திருக்கிறேன்.

எழுதி முடித்து, உறையில் போட்டு ஒட்டலாம் என்று பார்த்தால் உறையைக் காணோம். உன் அண்ணன் மேஜையில் உட்கார்ந்து அதன்மேல் எழுதிக்கொண்டிருக்கிறார். உன் முகவரியைப் பார்க்காமலே எழுதுகிறார். பின்கோடு உட்பட.

அண்ணி